சோறு பொங்காத வீட்டில் ஒரு பிடி அரிசி

வேலை முடிந்து வரும் வழியில் நான் நுழையும் அங்காடியில், கீரைக்கும் நறுக்கிய காய்களுக்கும் நடுவே, குளிர்ப்பெட்டியில் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருக்கும். காலிஃப்ளவரைப் பொடிப்பொடியாக அரிந்து அடைத்து, மேலே 'புளூம்கோல்ரெய்ஸ்ட்' என்று அச்சிட்டிருப்பார்கள். டச்சு மொழியில் ரெய்ஸ்ட் என்றால் அரிசி. காலிஃப்ளவர் அரிசி! அதை முதல்முறையாகக் கையில் எடுத்தது ஓர் ஆடி மாதம். ஊரில் இந்நேரம் மேல்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருக்கும், உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதையும் மாதத்தோடும் காற்றோடும் சேர்த்து நினைவில் வைப்பது என் சுபாவம். என் கைக்கடிகாரம் இந்த நாட்டு நேரத்தைக் காட்டினாலும் மனத்துக்குள் கிழிபடுவது ஊர் நாட்காட்டிதான். அரிசி இல்லாத ஒன்றுக்கு அரிசி என்று பெயர் வைத்து விற்கிறார்களே, இதை அக்காவிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அப்போது அக்கா இருந்தாள்.

நெதர்லாந்தின் மேற்கே, கடலுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கூடாரங்கள் மைல்கணக்கில் நிற்கும் பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்குக் குடைமிளகாயைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலை. இங்கே செடிக்கு மண் கிடையாது. கல்லை உருக்கி நூற்ற ஒருவகைப் பஞ்சில் விதையை ஊன்றி, குழாய் வழியே சொட்டுச் சொட்டாக உரத்தண்ணீர் விடுகிறார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் பருத்திக் காட்டிலும் உளுந்தங் காட்டிலும் வளர்ந்தவள் நான். மண்ணில் பஞ்சு விளையும் ஊரிலிருந்து, பஞ்சில் காய் விளையும் ஊருக்கு வந்துவிட்டேன். வந்த புதிதில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இதைத்தான் பெரிய அதிசயமாக எழுதினேன். அதைவிடப் பெரிய மாற்றம் என் தட்டில் நடக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

நாற்பதைத் தாண்டிய ஒரு குளிர்காலத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் அப்பா அதில்தான் போனார். வேலிக்கருவை முள் குத்திய காயம், ஆறாமல் கணுக்கால்வரை ஏறியது. ஆகவே எனக்குப் பயம் வந்தது. பயத்தில் நிறையப் படித்தேன். படித்ததிலிருந்து புரிந்ததை எளிதாகச் சொல்லிவிடலாம். சீனி மட்டும் சீனி இல்லை. சோறு, இட்லி, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் உள்ளே போனபின் அதே சீனிதான். நம் ஊரில் பலர் நம்புவதுபோலக் கம்பும் குதிரைவாலியும் இதற்கு விலக்கு அல்ல; மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். மாவுப்பொருளைப் பெரும்பாலும் தள்ளி, கீரை, காய், முட்டை, மீன், கறி, தேங்காய், நிலக்கடலை என்று சாப்பிடப் பழகினால் என் உடம்பு அடங்கும். மருத்துவரைக் கேட்டு, மாத்திரையையும் அவர் சொன்னபடி குறைத்து, அப்படித்தான் தொடங்கினேன். முதல் சில மாதம் அது போராட்டமாக இருந்தது. கணவருக்குச் சோறு வடிக்கும்போது கஞ்சித் தண்ணீரின் வாசனைக்கு அடுப்படியை விட்டு வெளியே போய் நின்றிருக்கிறேன். பிறகு ஒருநாள் கவனித்தேன், நான் எதையும் விலக்கிக்கொண்டிருக்கவில்லை. இடதுகைப் பழக்கம்போல, வலப்பக்கம் வண்டி ஓடும் சாலைபோல, அது என் இயல்பாகிவிட்டிருந்தது. இந்த நாட்டின் மொழிகூட என்னிடம் அவ்வளவு இயல்பாக வந்து ஒட்டவில்லை.

மொழி ஒட்டாததற்கு ஒரு சான்று சொல்கிறேன். எங்கள் கூடத்தில் என்னுடன் வேலை செய்யும் மரெய்க்க நல்ல பெண்மணி. மதியம் ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் துகள்களைக் குழந்தைபோலத் தூவிச் சாப்பிடுவாள். என் டப்பாவில் முட்டையையும் கீரையையும் நாள்தோறும் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள், "இந்த டயட் எப்போது முடியும்?" என் அரைகுறை டச்சில் "நான் சாகும்வரை" என்றேன். மரெய்க்க ரொட்டியைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள். மறுநாள் காலையில் என் மேசையில் ஒரு தொட்டி நிறைய டியூலிப் பூக்கள். கூடத்தில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்ட அட்டை. 'தைரியமாக இரு' என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சாவு நெருங்கிவிடவில்லை, நான் சோறும் ரொட்டியும் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான் என்று விளக்க எனக்கு அந்தத் தேநீர் இடைவேளை முழுக்கத் தேவைப்பட்டது. "சாகும்வரை ரொட்டி இல்லாமலா?" என்று மரெய்க்க யோசித்தாள். "அப்படியானால் பூவை நீயே வைத்துக்கொள்" என்றாள்.

அதே கேள்வியை அதற்கு முன்பே, என் சொந்த மொழியில், அக்கா தங்கபுஷ்பம் கேட்டிருந்தாள். நான் பிறந்த கிராமத்திலேயே அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்குக் கொஞ்சம் காடு, உளுந்தும் மக்காச்சோளமும் விதைப்பார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் அக்கா கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்பு வேலை பார்த்துக்கொண்டே பேசுவாள்.

"ஏட்டி மணி, வெள்ளக்காரன் ஊருக்குப் போயி வெள்ளச் சோத்த விட்டுட்டியாக்கும்? சோறு திங்காம ஒரு மனுசி இருப்பாளா?"

"சுகர் எறங்கிட்டுக்கா. மாத்திரையும் கொறச்சிட்டாவ."

"எறங்கிட்டுலா? அப்பம் எப்பம் சோறு திங்கப் போற?"

"இனிமே இல்லக்கா."

"இனிமே இல்லன்னா? எறங்குனப்புறமும் எதுக்குட்டி?"

பின்னாளில் மரெய்க்கவிடம் சொன்ன பதிலை அன்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் சோறு என்றால் என்ன என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். கரிசல் காட்டில் அரிசி விளையாது. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது கம்பங்கஞ்சியும் சோளச்சோறும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு கிறிஸ்துமஸ்ஸுக்கும், சபையில் போடும் அசன விருந்துக்கும். அன்றைக்கு அக்கா தன் இலையில் விழுந்த சோற்றை உடனே பிசையமாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மா "என்னட்டி, எண்ணுதியா?" என்று தலையில் குட்டுவாள். ரேஷன் அரிசி வந்து, கடையில் பொன்னி அரிசி வந்து, தினமும் உலை கொதிக்கிற வீடாக எங்கள் வீடுகள் மாறியது எங்கள் கண்முன்தான். ஊர்ப்பக்கத்துப் பழைய வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் பஞ்சத்தைப் பற்றிய வரிகளில் என் விரல் தானாக நின்றுவிடும். சோறில்லாமல் வாழ்நாள் முழுக்க இருப்பது எங்களுக்குப் புதிய விஷயம் இல்லை. எங்கள் அம்மாவும் அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். அதற்குப் பெயர் வறுமை.

அக்காவுக்கும் சர்க்கரை வந்தபோது நான் விடுப்பெடுத்து ஊருக்குப் போனேன். மார்கழி, காட்டில் உளுந்து அறுப்பு முடிந்திருந்தது. அப்பாவின் கால் என் கண்ணிலேயே நின்றது. இவளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புதான். இருவரும் சேர்ந்து கோவில்பட்டி சந்தைக்குப் போய் கீரை, அவரைக்காய், கத்தரிக்காய், முட்டை வாங்கி வந்தோம். மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டோம். அத்தான் வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்திருந்தார்.

"கொழுந்தியா வந்து வீட்டுல அரிசிக்கு ஊரடங்கு போட்டுட்டாளே!" என்றார். "எனக்காவது பாஸ் உண்டா?"

"ஒங்களுக்குப் பொங்கிப் போடுவா அத்தான். அவதான் திங்கமாட்டா."

ஆனால் அடுப்படியில் சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. எங்கள் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். பிடி அரிசி என்போம். பானை நிறைந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அசனத்தில் அது சோறாகி, வேற்றுமதத்தார் உட்பட ஊரே உட்கார்ந்து சாப்பிடும். எங்கள் அம்மா அரிசி இல்லாத காலத்தில் ஒரு பிடி கம்பு போட்டாள். போடாத நாள் கிடையாது. அக்காவும் அப்படித்தான். சிறிய மண்பானை, அதற்குத் தேங்காய்ச் சிரட்டை மூடி, அடுப்புக்குப் பக்கத்தில்.

"சோறு பொங்கலன்னா பிடி அரிசி எதுலட்டி எடுக்க?" என்று கேட்டாள். "கத்தரிக்காயக் கிள்ளிப் போடவா?"

"அத்தானுக்குப் பொங்குதல்லா, அதுல எடு."

"அது அவிய வயித்துல பிடிச்சது. என் வயித்துல பிடிச்சாத்தானட்டி அது காணிக்க? திங்காத அரிசிய எடுத்துப் போட்டா ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?"

அக்காவே வழி கண்டாள். "லெந்து வரட்டும்" என்றாள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பை நாங்கள் லெந்து என்போம். அப்போது சபையில் ஒருத்தி பூ வைக்கமாட்டாள், ஒருத்தி காப்பியை விடுவாள், பலர் கறியை விடுவார்கள். "நான் சோத்த விடுதேன். லெந்துல பிடி அரிசி போடாட்டி குத்தமில்ல, நம்மளயே போடுதோம்லா" என்றாள்.

விட்டாள். அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நான் இங்கே வந்துவிட்டேன். மாசி, பங்குனி முழுக்க ஞாயிறுதோறும் கைபேசியில் அவள் தட்டைக் காட்டுவாள். முருங்கைக்கீரை, இரண்டு முட்டை, கருவாட்டுக் குழம்பு, வறுத்த கடலை. சோற்றின் இடத்தில் துருவிய முட்டைக்கோஸ். அவள் முகத்தில் வீக்கம் வற்றியது. உள்ளங்கால் எரிச்சல் நின்றுவிட்டது என்றாள். விட்டுவிட்டிருந்த காட்டுப் பாதையில் மறுபடி நடந்து போய் அத்தானுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தாள். கோவில்பட்டி மருத்துவர் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பாதியாக்கினார். நான் இந்தப் பக்கம் கண்ணாடிக் கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டே அழுதேன். மரெய்க்க மறுபடியும் பூ வாங்கி வந்துவிடுவாளோ என்று பயந்து சீக்கிரம் துடைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனை வந்தது. அதற்குப் பின், கோடை வெயில் உச்சத்தில் இருந்த சித்திரையில், அசனம் வந்தது. சர்க்கரை இறங்கினால் அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாக அக்கா நேர்ந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. நேர்ச்சை நிறைவேறியவருக்குத்தான் அசனத்தில் முதல் இலை. அவர் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். சோற்றை விட்டுக் குணமானதற்கு நன்றியாக ஊருக்கே சோறு போட்டு, முதல் கவளத்தைத் தானே சாப்பிடுவது. எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இப்படி நடக்குமா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் ஊரில் வேறெப்படியும் நடந்திருக்காது.

அத்தான் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பந்தலின் கீழ் கூட்டம். சபையை நடத்தும் உபதேசியார் குரல் கேட்டது.

"புஷ்பத்தக்கா, உக்காருங்க. ஒங்க அரிசி, ஒங்க சாட்சி. மொத எலை ஒங்களுக்குத்தான்."

இலையில் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. பருப்புக் குழம்பு ஊற்றினார்கள். அக்கா சிறுமியாக இருந்தபோது பார்த்ததுபோலவே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைபேசியைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ பாக்காத. அங்கிட்டுத் திரும்பு!"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு வேளைதானே என்று நினைத்தேன்.

அந்த ஒரு வேளை முடியவே இல்லை. வைகாசியில் கல்யாண வீடுகள். இலையில் சோற்றை ஒதுக்கினால் நோயாளி என்பார்கள். ஆவணியில் பிடி அரிசிப் பானையை நிறைக்கும் கவலை. ஐப்பசியில் மழை, சூடான சோறு கேட்கும் குளிர். நான் கேட்கும்போதெல்லாம் "அடுத்த லெந்துல பாப்போம்ட்டி, இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு" என்பாள். அடுத்த லெந்தில் அப்படியே மறுபடி விட்டாள், துளி பிசகாமல். சர்க்கரை இறங்கியது. ஈஸ்டர் வந்தது, ஏறியது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. வருடத்தில் ஒரு பருவம் என் அக்கா குணமாகி இருந்தாள். கரிசலில் மழை பெய்து நாலு வாரம் பச்சை தெரியுமே, அப்படி. நோன்பு அவளுக்குத் தெரியும். நோன்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நோன்பு இல்லாத, முடிவு நாள் இல்லாத, யாரும் பாராட்டாத, எதற்கும் ஈடாக இல்லாத விலக்கு ஒன்று இருக்கிறது என்பதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. எனக்கு அது எளிதாக இருந்ததற்குக் காரணம் என் மனவுறுதி அல்ல என்று இப்போது நினைக்கிறேன். இங்கே என்னை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. என் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அண்டை வீட்டில் ஆளில்லை. தனிமை எனக்குச் செய்த உதவி அது. அந்த உதவியை அக்காவுக்கு அனுப்பிவைக்க வழியில்லை.

பிறகு அவள் சிறுநீரகம் கெட்டது. செய்தி வந்த ஐப்பசியிலேயே போனேன். அடைமழை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் செருப்பில் கரிசல் மண் அப்பி, ஒவ்வோர் எட்டுக்கும் கால் கனத்தது. அக்கா வாசலில் நின்றாள். முகம் மீண்டும் வீங்கியிருந்தது; இது வேறு வீக்கம். சாப்பிட உட்கார்ந்தபோது, எனக்கு முருங்கைக்கீரையும் முட்டையும் மீனும் வைத்தாள். தனக்கு ஒரு சின்னக் கப்பில் அளந்து பொங்கிய வெள்ளைச் சோறு, தண்ணீரில் வேகவைத்து வடித்த சுரைக்காய்.

"பாத்தியாட்டி, கடைசில டாக்டரே சோறு திங்கச் சொல்லிட்டாவ" என்றாள். வென்றவளைப்போலச் சிரிக்கப் பார்த்தாள். "கீர வேண்டாமாம். பருப்பு, மீனு, முட்டயெல்லாம் கொறைக்கணுமாம். தேங்காயும் கடலையும் தொடப்புடாதாம். நீ திங்கது பூராம் எனக்கு வெசம். நான் திங்கது பூராம் ஒனக்கு வெசம்."

"பேசாம சாப்பிடுக்கா."

"ஒன் தட்டையும் என் தட்டையும் சேத்தா ஒரு ஆளுக்குச் சாப்பாடு. அம்மா இருந்தா ரெண்டு பேரையும் கரண்டியால சாத்துவா."

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா சோற்றை விரலால் கோதிக்கொண்டே கேட்டாள்.

"லெந்துல எல்லாம் நான் எம்புட்டு ஒழுங்கா இருந்தேன். இல்லியாட்டி?"

"ஆமாக்கா. ஒன்ன மாதிரி யாராலயும் முடியாது."

"பெறகு ஏம்ட்டி இப்படி ஆச்சு?"

அவளே சொன்னாள்.

"ஈஸ்டர் இல்லாத லெந்து உண்டுன்னு எனக்குத் தெரியாதுட்டி. அப்படி ஒண்ண நம்ம கோயில்ல யாரும் சொல்லித் தந்ததில்லியே."

நான் ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டு இருந்தது அதைத்தான். ஆனால் அதை அவள் சொல்லிக் கேட்டபோது, எவ்வளவு கொடிய செய்தியை இவ்வளவு நாளும் அவளுக்குச் சொல்லிவந்தேன் என்று தோன்றியது. விடியாத இரவு உண்டு, அதில் நிம்மதியாக வாழப் பழகு என்று ஒரு விசுவாசியிடம் எப்படிச் சொல்வது? நான் பழகிவிட்டேன். சொந்த ஊரை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான் விடுகிறோம் என்று நினைத்து விமானம் ஏறியவள் நானும்தான். திரும்பும் நாள் என்று ஒன்று வராது என்பதை, வந்து பல வருடம் கழித்து, எந்த நாளில் என்று குறிக்க முடியாத ஒரு நாளில் அறிந்துகொண்டேன். நாள் குறிக்கத் தெரிந்த எனக்கே அந்த நாளைக் குறிக்கத் தெரியவில்லை.

அக்கா தை மாதம் இறந்துபோனாள். அந்த வருட லெந்து தொடங்கவில்லை. நான் போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது. நல்ல அடக்கம், ஊரே வந்தது என்றார்கள். கரிசல் மண்ணில் குழி மூடினால் ஈரம் காயக் காய வெடிக்கும். நான் போனபோது அத்தான் கல்லறைத் தோட்டத்தில் குத்தவைத்து, விரல் நுழையும் வெடிப்புகளில் பொடிமண்ணைத் தூவி அடைத்துக்கொண்டிருந்தார். "அடைக்க அடைக்கப் பெளக்கு" என்றார், என்னைப் பார்க்காமல். "மழை வந்தாத்தான் மூடும்."

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியிலிருந்து பிடி அரிசிப் பானையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். சிரட்டையைத் தூக்கினேன். முக்கால் பானை அரிசி.

"இது எப்பம் போட்டது அத்தான்?"

"கடேசிவரைக்கும் போட்டா. டாக்டர் அளந்து குடுத்த கப்பு இருக்குலா? அதுலருந்தும் ஒரு பிடி எடுத்துருவா. எனக்குத் தெரியும். சொன்னா கேக்கவா போறா? 'இப்பம்தான் நான் திங்குதேம்லா, இது என் வயித்துல பிடிச்சது' ம்பா."

அந்தச் சின்னக் கப்பில் ஒரு பிடி போனால் மிச்சம் என்ன இருந்திருக்கும்? மருத்துவர் அனுமதித்த சோற்றைக்கூட அவள் முழுதாகச் சாப்பிடவில்லை.

"இத யாரு இனிமே நெறைக்க?" என்றார் அத்தான். "எனக்குப் பொங்கவே தெரியல. மெஸ்ஸுல எடுத்துத் திங்கேன்."

"நான் நெறைக்கேன் அத்தான்."

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீதான் சோறே திங்கதில்லியே" என்றார்.

இப்போது எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு பெரிய ஊறுகாய்ப் பாட்டில் இருக்கிறது. என் கணவருக்குப் பொங்கும் அரிசியிலிருந்து நான் எடுப்பதில்லை, அக்கா ஒத்துக்கொள்ளமாட்டாள். நம் ஊர்ச் சாமான் விற்கும் சுரினாம் நாட்டுக்காரர் கடையில் எனக்கென்று தனியே ஒரு பை அரிசி வாங்கி வைத்திருக்கிறேன். நான் சாப்பிட்டிருக்க வேண்டிய அரிசி அது. ஞாயிறுதோறும் சாயங்காலம் என் உணவைத் தயார் செய்யும்முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பாட்டிலில் போடுகிறேன். இந்த ஊர்க் கோயிலில் காணிக்கையைக் கைபேசியிலேயே செலுத்திவிடுகிறார்கள், தட்டுகூட வருவதில்லை. ஒருநாள் காப்பி குடிக்க வந்த மரெய்க்க பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இங்கே எல்லார் வீட்டு ஜன்னலிலும் ஏதாவது அழகுப்பொருள் வைத்திருப்பார்கள். "மிக அழகு" என்றாள். "எந்தக் கடையில் வாங்கினாய்?" நான் சொல்லத் தொடங்கினேன். பிடி என்பதற்கும் காணிக்கை என்பதற்கும் என் டச்சு போதவில்லை. "என் அக்கா கொடுத்தது" என்றேன். அது பொய்யும் இல்லை.

சாப்பிடாத அரிசியில் எடுத்த பிடி காணிக்கையாகுமா என்று தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. போன ஞாயிறு அத்தான் கைபேசியில் வந்தார். கல்லறை வெடிப்பு ஐப்பசி மழையில் மூடிவிட்டதாம். மறுபடி வெயில் ஏற லேசாகக் கீறல் விடுகிறதாம். சித்திரையில் அசனம், தேதி வைத்துவிட்டார்கள் என்றார்.

"ஒன் அரிசியக் கொண்டாந்துருவியா?"

"கொண்டாரேன் அத்தான். பாட்டில் நெறஞ்சிட்டு."

"உபதேசியாரும் சொன்னாவ. புஷ்பத்துக்குப் பதிலா மொத எலை ஒனக்குத்தான்னு."

நான் கைபேசியைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"ஒத்த வாய் வச்சாப் போதும் மணி" என்றார். "ஒன் ஒடம்பு ஒனக்கு. ஊருக்காக ஒத்த வாய்."

"சரி அத்தான்" என்றேன்.

பேசி முடித்து அடுப்படிக்கு வந்தேன். வெளியே கண்ணாடிக் கூடாரங்களில் செடிகளுக்காக மஞ்சள் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பையிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளினேன். பாட்டிலில் இடமில்லை. கழுத்துவரை நிறைந்திருந்ததை மேசையில் தட்டித் தட்டி அமுக்கி, விரலிடுக்கில் சிந்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மூடினேன். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து, அரிசி என்று எழுதிய அந்த வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து, எனக்கு இரவுச் சாப்பாடு சூடு பண்ணினேன்.